பொன்மணி வைக்கோல்

செவலை மறுபடியும் வைக்கோலை மூக்கால் ஒதுக்கிவிட்டது. காலையில் போட்டதில் கால் பங்குதான் உள்ளே போயிருந்தது. மிச்சமெல்லாம் தொட்டிக்கு வெளியே சாணியில் மிதிபட்டுக் கிடந்தது. என் மனைவி வெற்றிச்செல்வி குனிந்து, சுத்தமாக இருந்ததில் ஒரு பிடி அள்ளி, உதறி, மறுபடி தொட்டியில் போட்டாள். மாடு முகர்ந்து பார்த்தது. பிறகு எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஆறிப்போன பஜ்ஜியை நீட்டினால் மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

"ஏங்க, இது பொன்னி வைக்கோல்தானே?" என்றாள் செல்வி. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை கேட்கிறாள்.

"பொன்னிதான். நானே கேட்டுத்தானே ஏத்திக்கிட்டு வந்தேன்" என்றேன். அதையும் மூன்றாவது தடவையாகத்தான் சொன்னேன்.

செட்டிகுளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். முழுக்க மானாவாரி. மக்காச்சோளம், பருத்தி, கிணறு இருந்தால் சின்ன வெங்காயம். நெல்லை நாங்கள் சோறாகத்தான் பார்ப்போம். பயிராகப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுத்தான் பழக்கம். இந்த வருஷம் மக்காச்சோளத்தைப் புழு தின்றுவிட்டது. மாசி பிறந்ததும் கிணறு வற்றி, வரப்போரம் இருந்த தீவனப்புல்லும் காய்ந்துவிட்டது. அதனால் திருமானூர்ப் பக்கம் போய் வைக்கோல் ஏற்றிவருவது என்று முடிவு செய்தோம். நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். பாடாலூர் ஸ்டாண்டில்தான் நிற்பேன். அரியலூர் தாண்டி கொள்ளிடக்கரை வரைக்கும் ரோடு எனக்கு மனப்பாடம். நெல்லில் எத்தனை ரகம் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பேன். அரிசி மூட்டையில் போட்டிருப்பதால் பொன்னி என்ற பேர் தெரியும். பொன்னி வைக்கோலென்றால் மாடு விட்டுவைக்காது என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். என் நெல் ஞானம் அவ்வளவுதான்.

வைக்கோல் விற்றவர் பேர் பூவரசன். போனில் பேசும்போது நான் பாடாலூரில் ரோட்டோரம் நின்றிருந்தேன். "என்ன ரகம்ங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லும்போது பின்னாலிருந்து ஒரு லாரி காற்று ஹாரனை அமுக்கிக்கொண்டு போனது. என் காதில் விழுந்தது 'பொன்' என்ற முன்பாதியும் 'ணி'யோ 'னி'யோ ஒரு வாலும்தான். நடுவில் இருந்ததை நானே நிரப்பிக்கொண்டேன். மிஷின் உருட்டிக் கட்டின கட்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். அறுபது கட்டு ஏற்றிக்கொண்டு, பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். இன்று நினைத்தால் அந்தப் பாட்டின் மேல்கூடக் கோபம் வருகிறது.

பத்துப் பதினைந்து நாளில் செவலை இளைத்தது தெரிந்தது. பத்து லிட்டர் கறந்தது ஏழாகக் குறைந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்போம். ஒருநாள் காலையில் பால் சங்கத்தில் டிகிரி பார்க்கிற புஷ்பவல்லி, மீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு, வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி மிதக்கவிட்டாளாம். எப்போதும் இருபத்தெட்டில் நிற்கிற பால் இருபத்தைந்தரையில் நின்றது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி இறங்கும் என்பது சங்கத்துக் கணக்கு. செல்வி கொண்டுபோன பாலைப் புஷ்பவல்லி பொதுக் கேனில் ஊற்றாமல், சுவரோரம் இருந்த நீல மூடி போட்ட கேனில் ஊற்றினாள். சந்தேகப் பாலுக்கென்று சங்கம் வைத்திருக்கிற தனிக் கேன் அது. ஊரில் எல்லாருக்கும் அந்தக் கேன் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

செல்வி பதினெட்டு வருஷமாக அந்தச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறாள். சொம்பு கழுவின தண்ணீர் ஒரு சொட்டு தங்கிவிடக் கூடாது என்று வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுத்தான் கறக்க உட்காருவாள். மழை நாளில் ஓலைக் கொட்டகை ஒழுகினால், பாலுக்குள் துளி விழக்கூடாதென்று முதுகை வளைத்து மூடிக்கொண்டு கறக்கிறவள். அவளைப் போய் தண்ணீர் ஊற்றுகிறவள் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

சங்கத்துச் செயலாளர் ராசாங்கம் அதட்டிப் பேசுகிற ஆளில்லை. அதுதான் பெரிய தொல்லை. அதட்டினால் நாமும் நாலு வார்த்தை கேட்கலாம். அவர் தங்கச்சி தங்கச்சி என்று பேசுவார்.

"மாடு சரியா திங்கலண்ணே. வைக்கோல் புடிக்கல போலருக்கு. அதான் டிகிரி எறங்கிருச்சு" என்று செல்வி சொல்லியிருக்கிறாள்.

"என்ன வைக்கோல் போடுறே?"

"பொன்னி வைக்கோலுங்கண்ணே. எங்க வூட்டுக்காரரு திருமானூருலேர்ந்து ஏத்தியாந்தாரு."

"பொன்னி வைக்கோல் திங்காத மாடு உண்டாம்மா?" என்று சிரித்தாராம். "கறவையும் கொறஞ்சு போச்சு. உன் வூட்டுக்காரன் குருநாதன் தெனம் பாடாலூர் போறாப்ல. அங்க டீக்கடைக்காரனுவ நல்ல பாலா கேப்பானுவ. நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. கவனமா இருந்துக்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நல்ல பாலை நான் வண்டியில் டீக்கடைக்குக் கடத்துகிறேனாம். மிச்சத்தில் இவள் தண்ணீர் கலந்து சங்கத்துக்கு ஊற்றுகிறாளாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை என்ன செய்வது? அன்று சாயங்காலம் செல்வி இதை என்னிடம் சொன்னாள். அழவில்லை. "தண்ணி ஊத்துனா பால் கூடணும்லங்க? எனக்கு மூணு லிட்டர் கொறஞ்சிருக்கே. இதக்கூட யோசிக்க மாட்டாங்களா?" என்றாள்.

அவளுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று மறுநாள் பூவரசனுக்குப் போன் போட்டேன். "என்னங்க, பொன்னின்னு குடுத்தீங்க, மாடு வாயில வைக்க மாட்டேங்குது" என்றேன்.

"பொன்னியா? நான் எப்பங்க பொன்னின்னேன்? பொன்மணிங்க. சி.ஆர். ஆயிரத்தொம்பதும்பாங்களே, அது. மோட்டா நெல்லு. நீங்கதான் சரி சரின்னீங்க."

வண்டியை ஓரம் கட்டினேன். பொன்னி, பொன்மணி. நடுவில் ஒரு 'ம'. அந்த ஒற்றை எழுத்து லாரிக்காரன் ஹாரனுக்குள் போய்விட்டது. திருமானூர்ப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட இந்தப் பிழையைச் செய்யாது. நெல்லை மூட்டையில் மட்டும் பார்க்கிற என் மாதிரி ஆள்தான் செய்வான். கட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, ஏற்று கூலி இறக்கு கூலியெல்லாம் சேர்த்து சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்றாகும் என்று அவர் சிரித்தார்.

அதை உடனே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் 'மூன்று தடவை பொன்னி என்று சாதித்தவன்' என்பது முன்னால் வந்து நின்றது. அந்த நாலு நாளும் அவள் காலையும் மாலையும் நீல மூடிக் கேன் பக்கம் நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் பொன்னி வைக்கோல்தான் போடுகிறேன் என்று எனக்காகச் சாட்சி சொன்னாள். ஐந்தாம் நாள் சொன்னேன். அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"போன புதங்கெழம."

கூடையைக் கீழே வைத்தாள். "நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னைய அங்க போய் நிக்க வுட்டீங்களா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இருவருமாகச் சங்கத்துக்குப் போனோம். ராசாங்கம் ரிஜிஸ்தரில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். நான் லாரி, ஹாரன், 'ம' எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். "போன வாரம் பொன்னின்னீங்க. இந்த வாரம் பொன்மணிங்கிறீங்க. அடுத்த வாரம் வேற ஒண்ணு சொல்வீங்க" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வைக்கோல்ல என்ன குருநாதா பொன்னி, பொன்மணி? அரிசிலதான் ருசி பாப்பாங்க. வைக்கோல்னா வைக்கோல்தான்."

கால்நடை டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். செவலையின் விலாவைத் தட்டிப் பார்த்தார், சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். தொட்டியில் கிடந்த வைக்கோலை விரலில் சுற்றி முறித்தார்.

"ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டுங்க. ஒண்ணு சீரணமாவும், ஒண்ணு வயித்துல சும்மா கெடக்கும், ஒடம்புல சேராது. நெல்லுல ஒரு கூத்து பாத்தீங்கன்னா, தண்டு தாளைவிட எலத் தோகைதான் மோசம். தோகையில மணல் சத்து சாஸ்தி. மிஷின்காரன் மேலாக்க அறுத்தா தாளு வயல்லயே நின்னுடும், தோகைதான் கட்டுல வரும். இதுல அப்புடித்தான் வந்திருக்கு."

"இத எப்புடி சார் நிரூபிக்கிறது?"

"நான் படிக்கிறப்ப காலேஜ்ல ஒரு மாடு இருந்துச்சு. விலாவுல ஓட்டை போட்டு மூடி மாட்டியிருப்போம். வைக்கோல ஒரு சின்னப் பையில கட்டி உள்ள வுட்டு, ரெண்டு நாள் கழிச்சு எடுத்து, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு நிறுத்துப் பாப்போம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க அதெல்லாம் முடியாதுங்க" என்றார். "சங்கத்துல கொழுப்பு பாக்கச் சொல்லுங்க. தண்ணி கலந்திருந்தா கொழுப்பும் சேர்ந்து எறங்கியிருக்கும். தீவனக் கொறைன்னா கொழுப்பு அவ்வளவா எறங்காது."

சங்கத்தில் கொழுப்பு பார்க்கிற மிஷின் ரிப்பேருக்குப் போய் மூன்று மாசம். வந்ததும் பார்த்துவிடலாம் என்றார் ராசாங்கம். சரி, ஒரு கடிதமாவது எழுதிக் கொடுங்கள் என்று மறுபடி டாக்டரிடம் நின்றேன். பால் தரம் குறைந்ததற்குத் தீவனம் காரணமாக இருக்கலாம் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். 'இருக்கலாம்' வேண்டாம் சார், 'இதுதான்' என்று போடுங்கள் என்றேன். அப்படி எழுத முடியாதுங்க என்றார். அந்தக் காகிதத்தை ராசாங்கம் ரெண்டு தடவை படித்தார். பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கலாந்தான்" என்றார்.

செல்விக்கு அங்கேதான் பொறுமை போனது. "அண்ணே, நீங்களே எங்க வூட்டுக்கு வாங்க. உங்க கண்ணெதிர்ல கறக்கிறேன். உங்க மீட்டர உங்க கையால போட்டுப் பாருங்க. தண்ணிக் கொடத்த வேணா பூட்டி வச்சிட்டு வாங்க" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராசாங்கம் கொஞ்சம் யோசித்தார். நியாயமான பேச்சு என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "சரிம்மா. ரெண்டு நாள்ல வரேன். அதுவரைக்கும் தீவனத்த மாத்திடாத. அதே வைக்கோலையே போடு. அப்பத்தான் தெரியும்" என்றார். வீடு வருகிற வரைக்கும் செல்வியின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று சாப்பாட்டில் எனக்கு அப்பளம் கிடைத்தது.

அந்த ரெண்டு நாளுக்குள் நான் திருமானூர் போய், இந்தத் தடவை வயலில் இறங்கி, வயல்காரரிடம் நேரில் கேட்டு, எழுதியே வாங்கிக்கொண்டு, நிஜமான பொன்னி வைக்கோல் இருபது கட்டு ஏற்றி வந்தேன். செய்த தப்புக்கு அபராதம் மாதிரி அதைக் கொட்டகையின் மறுபக்கம் அடுக்கினேன். செல்வி உடனே மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிக் கயிறு கட்டினாள்.

"அவரு வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் பிரிக்கலாம்" என்றாள்.

ரெண்டு நாள் ஆயிற்று. ராசாங்கம் வரவில்லை. சங்கத்தில் தணிக்கை என்றார்கள். நாலாம் நாள் சிறுவாச்சூர் கோயிலில் அவர் வீட்டு நேர்த்திக்கடன். ஆறாம் நாள் மழைக்குக் கூரை வேயும் வேலை இருக்கிறதாம். சித்திரை வெயிலில் என்ன மழையோ! ஒவ்வொரு காலையும் செல்வி கேட்பாள், "எப்பண்ணே வரீங்க?" "நாளைக்கு வந்துடறேம்மா" என்பார். ஏமாற்றுகிற குரலே இல்லை. அவருக்கு நிஜமாகவே வருகிற எண்ணம்தான். அவருக்கு அது நாளைக்குச் செய்யலாம் என்கிற வேலைகளில் ஒன்று. எங்களுக்கு வேறு வேலையே இல்லை. எங்களை எதில் சேர்ப்பது? அடுத்த வீட்டு ஆண்டாயி அக்காவையாவது வந்து பார்க்கச் சொன்னாள் செல்வி. "எனக்கு எதுக்குடி இந்த வம்பு" என்று அவர் கழன்றுகொண்டார்.

செவலைக்குத் தார்ப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் கயிறு முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே போட்டு நிற்கும். இடுப்பெலும்பு குடைக்கம்பி மாதிரி துருத்தியிருந்தது. அதன் கன்று காம்பை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, பால் வராமல் தாயின் தொடையில் தலையைத் தேய்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "பிரிச்சுப் போட்டுருவோம் செல்வி" என்றேன்.

"பிரிச்சா டிகிரி ஏறிடும்."

"ஏறட்டுமே. அதுக்குத்தானே வாங்கியாந்தேன்."

"உங்களுக்குப் புரியல" என்றாள். "இப்ப ஏறுனா என்னங்க சொல்வாங்க? வூட்டுக்கு வந்து பாக்கிறேன்னதும் பயந்துகிட்டு தண்ணி ஊத்துறத நிறுத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா? அவரு வந்து, இந்த வைக்கோலத் தின்ன மாடு இப்புடித்தான் கறக்கும்னு பாக்கணும். அது வரைக்கும் ஏறக்கூடாது."

பால் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, கெட்டே இருக்க வேண்டும் என்பதற்காக என் மனைவி மாட்டைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தப்பெல்லாம் ஒரே ஒரு எழுத்தில்தான் இருந்தது. அதுவும் என் காதில். பட்ட காலிலே படும் என்பார்கள். எங்களுக்கு மாட்டின் வயிற்றில் பட்டது.

எட்டாம் நாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது, செவலை எழுந்திருக்கத் திணறியது. முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் ரெண்டு தடவை உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் தடவை எழுந்தது. செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரோட்டையும் ஒருமுறை பார்த்தாள். சங்கத்திலிருந்து வருகிற வழி அதுதான். வெயிலில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போய், தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, அறுத்தாள். முதல் கட்டைப் பிரித்துத் தொட்டி நிறையப் போட்டாள்.

"பேரு போனா போவுது சனியன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். மாடு தின்கிற சத்தம் அவள் அழுகையைவிடப் பெரிதாகக் கேட்டது.

நாலு நாளில் டிகிரி இருபத்தாறரை. பத்து நாளில் இருபத்தேழரை. பன்னிரண்டாம் நாள் காலையில் நானும் கூடப் போயிருந்தேன். புஷ்பவல்லி மீட்டரை மிதக்கவிட்டாள். இருபத்தெட்டு. அவள் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். எங்கள் பாலைத் தூக்கிப் பொதுக் கேனில் ஊற்றினாள். வரிசையில் நின்ற ஆண்டாயி அக்கா செல்வியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எல்லாரும் நல்ல முகமாக இருந்தார்கள். எனக்கு அந்த நல்ல முகங்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, நீங்க இன்னும் வந்து பாக்கலியே" என்றாள் செல்வி.

ராசாங்கம் ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்கினார். "இனிமே எதுக்கும்மா? அதான் ஏறிடுச்சே."

"வைக்கோல மாத்துனோம்ணே. அதனாலதான் ஏறியிருக்கு. பழைய கட்டு இன்னும் முப்பது கெடக்கு. வந்து பாத்தீங்கன்னா…"

"வுடும்மா" என்றார் அவர், அவ்வளவு பரிவாக. "தப்பு எல்லாரும் பண்றதுதான். சொன்னதும் திருத்திக்கிட்ட பாரு, அதுதான் பெருசு. நான் மேல எதையும் எழுதல. யாரும் பழசப் பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

செல்வி காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டவரிடம் என்ன வழக்குப் பேசுவது? பின்னால் நின்றவர் தன் பாத்திரத்தை முன்னால் நகர்த்தினார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

அன்று சாயங்காலம், பால் கறந்து முடித்த பிறகு, நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வி கொட்டகையின் பழைய மூலைக்குப் போய், பொன்மணிக் கட்டிலிருந்து ஒரு கை வைக்கோலை உருவிக்கொண்டு வந்தாள். தொட்டியில் கிடந்த பொன்னியை ஒதுக்கிவிட்டு அதை நடுவில் வைத்தாள். செவலை முகர்ந்தது. மூக்கால் தள்ளி வெளியே போட்டது.

அவள் அதைப் பொறுக்கி மறுபடி வைத்தாள். மாடு மறுபடி தள்ளியது.

ரோட்டில் ஆட்கள் பால் சொம்போடு சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்டாயி அக்கா கை அசைத்துவிட்டுப் போனார். செல்வி என் பக்கம் திரும்பவில்லை. கீழே கிடந்ததை அள்ளி, ஒவ்வொரு தாளாக உதறி, மறுபடி தொட்டியில் வைத்து, ரோட்டைப் பார்த்தபடி, "பாருங்க" என்றாள்.

செவலை அதைத் தள்ளிவிட்டது.